நாற்பத்தொரு நாள் மறந்த பெயர்

என் மனைவி செல்வியின் பெயரை நான் நாற்பத்தொரு நாள் தொடர்ந்து மறந்தேன் என்பதற்கு ஆதாரம் உண்டு. அதைத் தயாரித்து, தேதிவாரியாக அடுக்கி, உறவினர் அனைவருக்கும் அனுப்பிவைத்தவனும் நானே. (புள்ளியியல் பேராசிரியனாக இருந்த பழக்கதோஷம்.)

கூட்டங்களில் எதிரே வருபவர் யாரென்று என் காதருகே சொல்வது செல்வியின் பொறுப்பு. அவள் மறைந்த ஆறாம் மாதம், தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கும் அவள் தம்பி முருகேசன், தன் மகளின் கல்யாணத்துக்கு மாட்டுங்காவில் மண்டபம் பிடித்தான். வாசலில் நின்று வரவேற்க வேண்டியவன் நான்.

எனவே திலக் நகர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வலைச்செயலி எழுதினேன். திரையில் ஆளுக்கொரு அட்டை; அதன் முன்புறம் முகம். திருப்பினால் பெயரும் உறவும். 'நினைவிருக்கிறது' என்று அழுத்தினால் அட்டை சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும், அப்புறம் மாதங்கள் கழித்துமே தலைகாட்டும். 'மறந்துவிட்டது' என்றால் மறுநாள் காலையே வந்து நிற்கும். சோதித்துப் பார்க்க முதல் அட்டையாகச் செல்வியின் படத்தை ஏற்றினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, உறவுமுறைகளைச் சரிபார்க்கும்படி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செயலியின் சுட்டியை அனுப்பினேன். 'அதிகம் மறந்தவை' என்ற அறிக்கைப் பக்கமும் கூடவே திறக்கும் என்பது இந்த மேதைக்குத் தோன்றவில்லை. முதலிடம்: செல்வி, மனைவி, நாற்பத்தொரு முறை. (இரண்டாமிடத்தில் இருந்த உல்லாஸ்நகர் சம்பந்திக்கு மூன்றே முறை.)

அரைமணி நேரத்தில் சான்பாடாவிலிருந்து என் மகன் அழைத்தான். "அப்பா, நியூரோ டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் எடுத்துட்டேன். இனிமே தனியா இருக்க வேண்டாம். வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க."

செல்வியோடு வாழ்ந்த வீட்டை, நானே எழுதிய அறிக்கை ஒன்றினால் இழக்கவிருந்தேன். அதற்குள் முருகேசனும் மணப்பெண் பார்வதியும் வந்துவிட்டார்கள்.

"அத்தான், நா யாருன்னு தெரியுதா?"

"முருகேசன்."

"அரே, பக்கா! இன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழன். நீ சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்க."

"மாமா நல்லாத்தானப்பா இருக்காரு," என்றாள் பார்வதி.

"ஏட்டி, சும்மா இரு. பின்ன அக்கா பேரு மட்டும் எப்படி மறக்கும்?"

வேறு வழியின்றி, வகுப்பெடுக்கும் குரலில் விளக்கினேன். "ஞாபகம் இருக்குன்னு மூணு நாலு தடவை அமுக்கினேன். இனி நாலு மாசம் கழிச்சுத்தான் காட்டுவேன்னு சொல்லிச்சு. அதனால மறந்துபோச்சுன்னு அமுக்கினேன். மறுநாள் காலைல வந்துட்டா. அப்புறம் தினமும்."

முருகேசன் சட்டைப் பொத்தானை அவிழ்த்துச் சரியாகப் போட்டான். "ஏன் அத்தான், இவ்வளவு படிச்சிருக்கீக. போட்டோவ செவத்துல மாட்டணும்னு தோணலியா? அது நாலு மாசம் லீவு கேக்காதுல்லா?"

தோன்றவில்லை. உண்மையாகவே தோன்றவில்லை.

அவனே என் மகனிடம் பேசி மருத்துவர் சந்திப்பையும் வீடு மாற்றத்தையும் ரத்து செய்யவைத்தான். கல்யாண வாசலில் நான் எவர் பெயரையும் நினைவுகூர வேண்டியிருக்கவில்லை. அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தத்தம் பெயரையும் உறவையும் தாமே உரக்க அறிவித்து, என் கையை அழுத்திவிட்டு உள்ளே போனார்கள். புறப்படும்போது பார்வதி என் காலைத் தொட்டு எழுந்து சொன்னாள்: "மாமா, என்னயும் தெனமும் மறந்துருங்க."

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் தொலைபேசியை வைக்கும்முன் எவரும் இதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. நானும் லோக்கல் ரயிலில் நின்றபடி, "சரிப்பா, என்னை மறந்துரு," என்று மகனிடம் சொல்லி முடிக்கிறேன். அருகில் தமிழர் யாரேனும் இருந்தால், பெற்ற பிள்ளையே கைவிட்டுவிட்டதாக எண்ணி எழுந்து இடம் தருகிறார். மறுக்காமல் உட்கார்ந்துகொள்கிறேன்.