அக்காவின் பல் கிளினிக்கும் பழைய கெர்னலும்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. நான் நலம். உன் கிளினிக்கின் பேஷன்ட் பட்டியல் இருக்கிற சர்வரும் இப்போது நலம். நேற்று முழுக்க இல்லை.

நேற்று திட்டிவிட்டு வைத்த பிறகு நீ போனை எடுப்பதில்லை, மெசேஜையும் பார்ப்பதில்லை. உன் நர்ஸ் எங்கள் தெரு வழியாகத்தானே வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுக் காலை திரையின் மூலையில் 'புதிய பதிப்பு தயார்' என்று ஒரு மஞ்சள் பட்டை. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற பிறவியா நான்? அப்கிரேடு போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான், சர்வர் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கெர்னல் பழசாம், அதன்மேல் ஓடமாட்டேன் என்று புதிய சிஸ்டம் மென்பொருள் அடம்பிடிக்கிறது. சரி, கெர்னலையும் மாற்றித் தொலைப்போம் என்று போனால், அது நம்முடையதே இல்லை அக்கா! கிளவுடில் நாம் எடுத்திருப்பது மாடியில் ஓர் அறை மாதிரி, அஸ்திவாரம் கம்பெனிக்காரனுடையது. அவர்கள் சப்போர்ட்டில் இருந்தவரிடம் கெஞ்சினேன். "சார், அந்த மெஷின்ல இன்னும் நாப்பது பேர் இருக்காங்க. உங்களுக்காக மட்டும் மாத்த முடியாது" என்றார். விடுவேனா? பதினேழு புகார் எழுதினேன். நடுவில் நீ வேறு அழைத்து, "நாளைக்குப் பத்து மணிக்கு முதல் பேஷன்ட். யாரு எப்ப வர்றாங்கன்னே தெரியாது. உன்னை நம்பி நோட்டு வேண்டாம்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று வைத்துவிட்டாய். சுருக்கென்று தைத்தது. இருந்த வேலையை விட்டுவிட்டு நீ சொந்தமாகத் தொடங்கிய கிளினிக், முதல் வாரம். அதில் என் பங்கு இது ஒன்றுதான்.

கடைசியில், அப்கிரேடுக்கு முன் எடுத்து வைத்திருந்த நகலைத் தேடிப் பிடித்துப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டேன். இன்று காலை ஏழு மணிக்கு ஓடத் தொடங்கியது! பெயர், நேரம், எந்தப் பல் என்பது வரை எல்லாம் பத்திரம். இனி அந்தப் பட்டை மஞ்சளிலிருந்து சிவப்பானாலும் தொடமாட்டேன். நீ நிம்மதியாகக் கிளினிக்கைத் திற.

கோபம் தணிந்து நீ நூறாண்டு பல் பிடுங்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் உதவாக்கரைத் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சப்போர்ட்டிலிருந்து செய்தி. பதினேழு புகாரையும் படித்து மனமிரங்கி, நம்மை மட்டும் புதிய கெர்னல் உள்ள மெஷினுக்கு மாற்றிவிட்டார்களாம். நான் திரும்பப் போட்ட பழைய பதிப்பு, அந்தப் புதிய கெர்னலில் எழமாட்டேன் என்கிறது. நல்லவேளை, இன்றைய பட்டியல் என் திரையில் திறந்தபடியே இருந்தது, பார்த்து எழுதிவிட்டேன். நர்ஸ் கையில் ஒரு நோட்டும் இருக்கும், கோடு போட்டது, இருநூறு பக்கம். முதல் பக்கத்தைத் திற. பத்து மணிக்காரருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்.