அப்புத்தளை வீட்டுச் சிம்னி திருத்திய விபரம்

அப்புத்தளை,
18.11.2024, திங்கட்கிழமை.

அன்புள்ள யோகமலர் அறிவது,

இங்கே நானும் வீடும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி ஒருவாறு நிற்கிறோம். அங்கே ரொறன்ரோவில் நீரும், மகள் கேசினியும், மருமகனும், பேத்தி சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.

இதையெல்லாம் வீடியோவில் சொல்லலாம்தானே என்று நீர் கேட்பீர். வீடியோவில் போனைச் சின்னவள்தான் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரிவது அவளுடைய நெற்றியும் உங்கள் வீட்டு முகடும். நீர் குசினிக்குள் இருந்து "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பீர், நான் "ஓம்" என்பேன், அதற்குள் அவள் சிவப்புப் பொத்தானை அமத்திவிடுவாள். ஆறு மாதம் என்று சொல்லி நீர் போய் இப்போது மூன்று வருடம். இந்த மூன்று வருடத்தில் நான் சாப்பிட்டேன் என்ற ஒரு செய்தியைத்தான் உமக்கு முழுமையாக அறிவித்திருக்கிறேன். பதுளைக் காணிக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் எழுதியவன் என்ற முறையில், விபரத்தை எழுத்தில் தருவதே முறை.

விடயம் எமது வீட்டுக் கணப்படுப்பும் அதன் சிம்னியும் ஆகும். போன மாதம் ஒருநாள் போன் அமத்தப்படாமல் கிடந்தபோது நீர் கேசினிக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. "அந்தப் புகை வீட்டுக்குத் திரும்பிப்போய் நான் என்ன இருமிச் சாகிறதோ?" என்றீர். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர். நானும் இங்கே சிரித்தேன். பிறகு போய்க் கணப்படுப்புக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இந்த வருட ஈரத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பகல் இரண்டு மணிக்கே பனிமூட்டம், காணி உறுதி வைத்திருக்கிற சொந்தக்காரன் மாதிரி நேரே விறாந்தைக்குள் வந்துவிடுகிறது. உப்புப் போத்தலில் உப்பு இல்லை, தண்ணீர்தான் இருந்தது. நெருப்புப் பெட்டியில் பதினாறு குச்சி உரசினால் ஒன்று மனமிரங்கும். அலுமாரிக் கதவு ஊதித் திறக்கமாட்டேன் என்று நின்றதால் இரண்டு கிழமையாக ஒரே காற்சட்டையோடு இரண்டு செத்த வீட்டுக்கும் ஒரு கலியாணத்துக்கும் போய்வந்தேன். எங்களுடைய கலியாணப் படத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, அதுவும் என் முகத்தில் மட்டும். உம்முடைய முகத்தில் ஒரு புள்ளி இல்லை.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் கணப்படுப்பை மூட்டிப் பார்ப்பதென்று முடிவெடுத்து, தேயிலை கவ்வாத்து வெட்டின மிலாறுச் சுள்ளியை அடுக்கி, அதன்மேல் யூகலிப்டஸ் கட்டை இரண்டை வைத்துப் பற்றவைத்தேன். ஈர விறகு, அது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். சிம்னி அந்தப் புகையில் ஒரு முழத்தைக்கூட வெளியே விடவில்லை, முழுவதையும் எனக்கே திருப்பித் தந்தது. நான் கதவைத் தேடினால் அலுமாரி கைக்கு வருகிறது, அலுமாரியை விட்டுத் திரும்பினால் சுவர் வருகிறது, கடைசியில் யன்னலைக் கண்டுபிடித்துத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். நீட்டியதுதான் தாமதம், ஒரு வாளி தண்ணீர் முகத்தில் வந்து அடித்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து ரஹ்மத்தும்மா! உமக்குத் தெரியும்தானே, தையல் கடைக்காரி.

"அல்லாஹ்வே, சேர்! ஊடு பத்துதுண்டு நெனச்சிட்டேன். உள்ளுக்கு தனியாவா ஈக்கிறீங்க?" என்றா.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தாவோ தெரியவில்லை. "ஓம், தனியத்தான்" என்றேன், சட்டையெல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மனிசி உள்ளே வந்து யன்னலெல்லாம் திறந்துவிட்டு, பிளேன்டீ ஊற்றித் தந்து, அரை மணித்தியாலம் ஏசிவிட்டுப் போனா. நல்ல ஏச்சு. அந்தக் கிழமையில் வேறு எவரும் என்னோடு அவ்வளவு கதைக்கவில்லை.

அடுத்தநாள் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய் ஷுக்ரியின் ஹாட்வெயார் கடையில் விசாரித்தேன். அவர் சிம்னியைப் பார்க்கவில்லை, படமும் கேட்கவில்லை. மேசையிலிருந்து எழும்பாமலே, "சேர், உள்ளுக்கு கல்லு வெடிச்சிருக்கும். சீமெந்து அள்ளிப் பூசுங்க. ஒரு தரம் பூசினா உங்கட பேத்திட பேத்தியும் வந்து குளிர்காயலாம்" என்றார். பேத்தி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மேற்கொண்டு கேள்வி ஒன்றும் வரவில்லை. ஒரு பக்கற் சீமெந்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, இரண்டு நாள் குந்தியிருந்து, அடுப்பின் உட்பக்கம் முழுவதும் நானே பூசினேன். முதுகு நிமிரவில்லை, எண்டாலும் வேலை வெகு அழகு. காய்வதற்கு எத்தனை நாள் விடவேண்டும் என்று ஷுக்ரியும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மூட்டினேன். ஈரச் சீமெந்து சூடேறிச் சீன வெடி மாதிரி வெடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு துண்டு பறந்துவரும். ஒன்று மேசைக்குக் கீழே போனது, நானும் அங்கேதான் இருந்தேன். புகையும் வழக்கம்போல் உள்ளேயே. ரஹ்மத்தும்மா இந்தமுறை வாளி கொண்டுவரவில்லை, மாடசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தா.

மாடசாமி தோட்டத்தில் மேசன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான் இருக்கும். வந்த மனிசன் அடுப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. முற்றத்துக்குப் போய் நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஐயா, பொக வெளிய போறதுக்கு வழி இருக்கான்னு பாத்தீங்களா?"

"உள்பக்கம் முழுக்கப் பூசியிருக்கிறன்."

"அதில்லீங்க. மேல பாத்தீங்களான்னு கேட்டேன்."

பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே இந்தப் பங்களாவைக் கட்டின வெள்ளைக்காரனின் அளவே பிழை, வாய் பெரிது, தொண்டை சின்னன் என்று நான் வழக்கமாக எல்லோருக்கும் சொல்கிற விளக்கத்தைச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஏணியில் ஏறினார். மேலிருந்து கையை விட்டு, பிறகு ஒரு கொக்கித்தடியை விட்டு, பிறகு இரண்டு காலையும் சிம்னியில் உதைத்து இழுத்தார். கரிக்கட்டி ஒரு கூடையளவு முன்னறைக்குள் விழுந்தது, மைனாக்கூடு விழுந்தது, கடைசியாகத் தாரில் தோய்த்தது போல ஒரு பெரிய பொதி முற்றத்தில் வந்து பொத்தென்று விழுந்தது. உரச் சாக்கு ஒன்று, நீல நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது.

"யாருங்க இத அடச்சது? நல்லாப் படிச்ச ஆளு கட்டுன மாதிரி இருக்குங்க முடிச்சு" என்றார் மாடசாமி கூரையில் இருந்தபடி.

யோகமலர், அது கோப்புக் கட்டுகிற முடிச்சு. ஒருமுறை சுற்றி, குறுக்கே எடுத்து, காது விட்டு முடிவது. கந்தோரில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் அதைக் காட்டிக் கொடுப்பேன். ரஹ்மத்தும்மா சாக்கைக் கத்தரிக்கோலால் வெட்டினா. உள்ளே முழுவதும் அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகைகள். அப்புத்தளையில் வர்த்தமானியைப் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுக்காமல் வருட வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறவன் ஒருவன்தான் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் மைனாக்கூட்டைப் பார்த்தேன்.

2018 ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு மாதம் யாழ்ப்பாணம் போனோமே, அப்போது மழை உள்ளே இறங்காமல் நான்தான் அதை அடைத்தேன். திரும்பி வந்ததும் எடுப்பது என்றுதான் எண்ணம். எடுக்கவில்லை, மறந்துபோனேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் நீர் அந்த முன்னறையில் இருந்து இருமினீர். டொக்டர் நெஞ்சில் சளி என்றார், நான் வெள்ளைக்காரன் என்றேன், நீர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டீர். உம்மை அந்த வீட்டில் இருக்கவிடாமல் செய்தது நான் கட்டின முடிச்சு. இதை வீடியோவில் சின்னவளின் நெற்றிக்குச் சொல்ல முடியுமோ? அதனால்தான் இந்தக் கடிதம்.

மிச்ச வேலையை மாடசாமி ஆறு நாளில் முடித்தார். நான் பூசின சீமெந்து முழுவதையும் கொத்தி எடுத்தார். "சிம்னி மூச்சு விடணுங்க ஐயா. சீமெந்து போட்டா ஈரம் உள்ளயே நின்னுபோகும், மூக்கப் பொத்துன மாதிரி" என்று சொல்லிச் சுண்ணாம்பும் மணலும் குழைத்து ஒவ்வொரு கல்லிடுக்கிலும் வைத்தார். கூரைத் தகரமும் சிம்னியும் சேருகிற இடத்தில் தார் பூசி, உச்சியில் மழைக்கு ஒரு தகரத் தொப்பியும் போட்டார், புகை போக நாலு பக்கமும் இடைவெளி விட்டு. பிறகு எனக்குக் கட்டளை பிறப்பித்தார். முதல் ஒரு கிழமைக்குக் கையளவு நெருப்புத்தான் மூட்டவேண்டும், சுண்ணாம்பு மெல்லமெல்லக் காயவேண்டும். அதன் பிறகு மழைகாலம் முடியும்வரை ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் எரியவேண்டும், ஒரு கிழமை விட்டாலும் கல் ஈரத்தைக் குடித்துவிடும். விறகை ஒரு வருடம் தாழ்வாரத்தில் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுவரலாம். வருடத்தில் ஒருமுறை கரி தட்டவேண்டும். வெயில் காலத்திலும் எதையும் கொண்டுபோய் அடைக்கக்கூடாது. கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சாந்துக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிசன்.

முதல் பெரிய நெருப்பை நேற்றுப் பின்னேரம் மூட்டினோம். மூட்டினோம் என்றால், நான் மூட்டினேன், ரஹ்மத்தும்மாவும் மாடசாமியும் கைகட்டிக்கொண்டு பார்த்தார்கள். யோகமலர், புகை ஒரு நூல் பிசகாமல் மேலே போனது! வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் தொப்பிக்குக் கீழே வெள்ளையாய் வந்து பனிமூட்டத்தோடு சேருகிறது. மூவரும் கைதட்டினோம். தேத்தண்ணீர் குடித்தோம். பிறகு ரஹ்மத்தும்மாவுக்குத் தைக்க வேலை இருந்தது, மாடசாமிக்குக் கடைசி பஸ். போய்விட்டார்கள்.

இப்போது வீட்டில் எல்லாம் சரி. உப்பு உப்பாக இருக்கிறது. அலுமாரி திறக்கிறது. நெருப்பு அதன் பாட்டில் எரிகிறது, நான் என் பாட்டில் இருக்கிறேன். இன்றைக்கும் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். புகை வந்த நாளில் யாராவது வாளியோடு ஓடிவருவார்கள். நன்றாக எரிகிற அடுப்பைப் பார்க்க யார் வருவார்கள்? நாலரை மணிபோல் ஈர விறகு ஒன்றை எடுத்து வைத்துப் பார்ப்போமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. வைக்கவில்லை. கையில் எடுத்தேன், பிறகு திருப்பி வைத்துவிட்டேன்.

இதை எழுதியதால் உம்மை வரச்சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. கேசினிக்கு வேலை, சின்னவளுக்கு உமது கைச்சாப்பாடுதான் பழக்கம். நீர் ஆறுதலாக, உமக்கு எப்போது வசதியோ அப்போது யோசித்தால் போதும். சிம்னியைத் திருத்தியது வீட்டின் நன்மை கருதி மட்டுமே.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்லவும். கேசினிக்கும் சின்னவளுக்கும் என் ஆசீர்வாதம், அவர்கள் வீட்டுச் சுவர்களில் என்றும் பூஞ்சணம் ஏறாதிருக்கட்டும். உமது நெஞ்சுக்கும் மூச்சுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உமது கணவன்,
த. குமாரசிங்கம்

பி.கு. (19.11.2024): இக்கடிதத்தை நீர் வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்று காலை தபாலில் சேர்க்கப் புறப்பட்டவன், கனடாவுக்குப் போய்ச் சேர எத்தனை கிழமை செல்லுமோ என்று யோசித்து, வாசலில் நின்றே உமக்குப் போன் எடுத்தது உமக்குத் தெரியும். சின்னவள் நித்திரையாம், நீரே எடுத்தீர். சாக்கை வைத்தது நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். "அது எனக்குத் தெரியும். ஏணியைப் பிடிச்சது ஆர்?" என்றீர். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தால் அண்டைக்கே ஏறி எடுத்திருப்பியள். பிறகு என்னத்தைச் சொல்லிக்கொண்டு நான் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடுறது? புகைக்கு முதலும் அங்கதானே இருந்தனாங்கள். நீங்கள் நெருப்பைப் பாத்துக்கொண்டு இருப்பியள். நான் உங்களைப் பாத்துக்கொண்டு இருப்பன். படுக்கப் போகும்வரைக்கும் ஒரு கதை கிடையாது" என்றீர். அதைக் கேட்ட பிறகுதான் வாளியையும் சீன வெடியையும் மைனாக்கூட்டையும் சொல்லத் தொடங்கினேன். நீர் சிரித்துச் சிரித்துப் புகையே இல்லாத ஊரிலும் இருமினீர். நாற்பது நிமிடம் கதைத்திருக்கிறோம், போன் சொல்கிறது. எப்போது வருவீர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவீர். "நாளைக்கும் எடுங்கோ" என்றுவிட்டு வைத்தீர். நாளைக்கு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் இன்னும் என்னென்ன பழுதாகிக் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கு மாடசாமியை வரச்சொல்லியிருக்கிறேன்.