ஏழு விநாடிக்காரர்

தன் வீட்டுச் சுவர் சினிமாவில் நடித்துவிட்ட மனிதர் யாரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர். நடிகரையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவருக்கு அடுத்த படம் என்று ஒன்று வரும். சுவருக்குச் சொந்தக்காரருக்கு ஒரே படம்தான். அதையே ஆயுள் முழுக்க ஓட்டுவார்.

நம் சலவைக்கடைக்காரர் அந்த இனத்தில் முதல் தரம். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிணத்தை ஒளிக்க இடமில்லாமல் ஊர் ஊராக அலையும் மூன்று முட்டாள்களைப் பற்றி ஒரு படம் வந்தது. கொலைப் படம்தான், ஆனால் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தப் பிணத்தை இவர் கடையின் மூன்றாம் நம்பர் இயந்திரத்துக்குள் திணிக்கிற காட்சி ஏழு விநாடி. தெருவில் அவருக்குப் பெயரே அதுதான்.

சட்டையோடு யார் வந்தாலும் முதல் கேள்வி, "படம் பாத்துட்டீங்களா?" பார்க்கவில்லை என்றால் முடிவு உட்பட முழுக்கதையும் சொல்வார். பார்த்திருந்தால் பரீட்சை வைப்பார். வெளியூர்க்காரர் கிடைத்துவிட்டால், பிணத்தைத் தள்ளிவிடப் பார்த்த பாலம், முட்டாள்கள் வண்டியை மறந்துவிட்டுப் போன பெட்ரோல் பங்க் என்று ஊர்வலமே கிளம்பிவிடும். அந்த நேரத்தில் கடையில் ஊறுகிற துணி யார் பொறுப்பில், இஸ்திரிப் பெட்டி யார் கையில்? மனைவி கையில்தான். பங்க்குக்குப் பதினோரு விநாடி கிடைத்ததைச் சொல்லிவிட்டால் மட்டும் அவர் முகம் சுருங்கும். "அது தூரத்து ஷாட்டுங்க, யார் வேணா வரலாம். நம்மளது குளோசப்பு."

இதெல்லாம் போகட்டும். மூன்றாம் நம்பருக்குப் பின்னால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்பழுப்புக் கறை. ஷூட்டிங்கில் தெளித்த ரத்தம் என்பது அவர் கட்சி. மனைவி இரண்டு தடவை சுண்ணாம்பு வாளியோடு வந்தாள். இரண்டு தடவையும் குறுக்கே நின்றார். பிறகு கண்ணாடிச் சட்டம் போட்டார், மேலே ஒரு விளக்கும் போட்டார். "அசல் சரக்கு. வருஷம் ஆக ஆக நிறம் ஏறுது பாருங்க."

கறையைக் காப்பாற்றுகிற சலவைக்கடை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு நடந்தார்கள். கடைசியில் மிஞ்சியது ஒரே நம்பிக்கை: பக்கத்தில் புதிதாகத் திறக்கிற ஹோட்டலின் எண்பது அறைப் படுக்கை விரிப்புகள். அந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டு. ஹோட்டலிலிருந்து மேற்பார்வைக்கார அம்மாள் நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்த அன்று காலை மனைவி கெஞ்சினாள்.

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் அந்தப் படத்தப் பத்தி வாயத் தொறக்காதீங்க."

"நான் ஏன் தொறக்கப்போறேன்? அவங்களா கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

அம்மாள் வந்தார். விரிப்புகளைத் தடவினார், முகர்ந்தார், மடிப்பின் ஓரத்தை விரலால் நீவிப் பார்த்துத் தலையசைத்தார். மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பும்போது விளக்கடியில் இருந்த கறை அம்மாளின் கண்ணில் பட்டுவிட்டது.

"அது என்ன?"

"ரத்தம் மேடம்," என்றார் நம்மவர், குழந்தைக்குப் பரிசு கிடைத்த செய்தியைச் சொல்கிற குரலில். "பிணத்த இந்த மெஷின்லதான் போட்டாங்க."

"யாரு?"

"மூணு பேரு. ரெண்டு நாள் இங்கயேதான் இருந்தாங்க. தங்கமான பசங்க."

அம்மாள் பின்வாங்கிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். மனைவி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"சினிமா மேடம், இங்க ஷூட்டிங் நடந்துச்சு."

அம்மாளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அதுக்காக நாலு வருஷமா ஒரு கறை போகாத சலவைக்கடையாம்மா?"

கடையைக் காப்பாற்ற மனைவியிடம் உண்மை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் எடுத்து வைத்தாள். "அது அந்தக் கறையே இல்ல மேடம். அவங்க தெளிச்சது சர்க்கரப் பாகு. மூணாம் நாளே எறும்பு வந்துச்சு, ஈரத்துணியால ஒரே துடைப்புல போயிடுச்சு. இது பின்னாடி கசியுற பைப்போட துரு."

அம்மாளின் சிரிப்பு நின்றது. "ரத்தம்னா பச்சத் தண்ணியில போயிரும்மா. துரு வெள்ளைத் துணியில ஏறுனா போகவே போகாது. அந்தப் பைப்புத் தண்ணியிலதான் துவைக்கிறீங்களா?"

மாதக் கடைசியில் பூட்டு விழுந்தது. மனைவி இப்போது அதே ஹோட்டலில் விரிப்பு தேய்க்கிறாள். அவர் அவளோடு பேசுவதில்லை. கடை போனதற்காக இல்லை. "வெளியாள் முன்னாடி துருன்னு சொல்லிட்டியே" என்பதற்காக.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அன்றைக்கு டிவி செய்தியில் உங்கள் தெரு ஓரமாக வந்துபோனதே, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, "அதோ நம்ம மாடிப்படி, அதோ நம்ம மாடிப்படி" என்று காட்டினீர்களே, செத்துப்போனது யார் என்று கேட்டீர்களா?