இருபத்தைந்து பின்னும் இரண்டு முனையும்

தெரியாததைக் கேட்க எனக்கு வெட்கம். தெரிந்ததுபோலத் தலையாட்ட மட்டும் வெட்கமே கிடையாது.

எண்பதுகளின் நடுவில், அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய நான் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். (கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அதன் வயரைத்தான் தொட்டேன்.) அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து டவுனுக்குப் போய், கம்ப்யூட்டரிலிருந்து திரை வைத்த இன்னொரு பெட்டிக்குப் போகும் கேபிள் செய்வோம். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கனெக்டர். மேல் வரிசையில் ஊசி ஊசியாய்ப் பதின்மூன்று பின், கீழே பன்னிரண்டு.

எந்தப் பின்னுக்கு எந்த நிற வயர் என்று சூப்பர்வைசர் லூர்து அக்கா கனெக்டரின் முகத்தைக் காட்டிச் சொன்னார்: இடது ஓரம் ஒன்று, அடுத்தது இரண்டு. தலையாட்டினேன். ஆனால் வயரைப் பற்றவைப்பது முதுகுப் பக்கம். திருப்பினால் இடது வலதாகிவிடாதா? கேட்டால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே. முதுகிலும் இடது ஓரத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். (அங்கேயே எறும்புக்கால் அளவில் எண் போட்டிருந்தது. யார் குனிந்து பார்த்தார்கள்?)

ஒரு வாரத்தில் இருபது கேபிள். இருபதும் ஓடின. "புதுப் பொண்ணுக்குக் கை சுத்தம்" என்றார் முதலாளி. நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, ஆர்டர் கொடுக்க மெட்ராசிலிருந்து ஒருவர் வந்தார். அவர் கண்முன்னே ஒரு கேபிள் செய்து ஓட்டிக் காட்ட வேண்டும். சீக்கிரம் முடிய ஒரு முனை எனக்கு, மறுமுனை லூர்து அக்காவுக்கு.

மாட்டினார்கள். திரை கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார்கள். அப்படியேதான். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி பல்பும் பேட்டரியும் எடுத்து ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்தார். இந்த முனையில் ஒன்றைத் தொட்டால் அந்த முனையில் பதின்மூன்றில் எரிந்தது.

"இன்னா லூர்து பண்ணி வெச்சிருக்க? அந்தப் பொண்ணு செஞ்சது இருபதும் ஓடுது. கண்ணு தெரியலன்னா நாளையிலேர்ந்து வூட்லயே இரு."

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் என் முனையைத் திருப்பிப் பார்த்தேன். எறும்புக்கால் அளவில் '1' என்ற எண் வலது ஓரத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல ஒரு விரலைத் தூக்கினேன்.

"பாத்ரூமா? போ" என்றார் முதலாளி.

"இல்ல சார். தப்பு என்னுது. நாந்தான் மாத்தி வெச்சிட்டேன். அந்த இருபதும் அப்டித்தான்."

"அப்பறம் அதெல்லாம் எப்டி ஓடுச்சி?"

அக்கா கனெக்டரை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு முனையும் இவளே தப்பா வெச்சிருக்கா சார். தப்பும் தப்பும் ஒண்ணாயிருக்கு, ஓடிடுச்சி."

வந்தவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. இருபதையும் பிரித்துச் செய்ய வைத்தார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பின்னுக்கும் என்னை வாய்விட்டு எண்ணச் சொன்னார்.

மறு வருஷம் அக்கா தன் தம்பிக்கே என்னைக் கட்டிவைத்தார். இன்றும் நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போட்டு, மாலைக்குள் சேர்ந்து சோறு தின்பதைப் பிள்ளைகள் கிண்டல் செய்தால், நாத்தனாராகிவிட்ட லூர்து அக்காதான் விளக்கம் சொல்வார்:

"ரெண்டு முனையும் தப்பு. அதான் ஓடுது."