நான்கு கோழிக்குக் கை காட்டியவள்

நல்ல சாப்பாட்டுக் கடையை வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆட்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். நானே அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் வேலை பார்த்த மூன்று வருடத்தில், ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பயந்து ஊரிலிருந்த மெஸ் ஒன்று விடாமல் ஏறி இறங்கியதில் வந்த தலைக்கனம் அது. கை கழுவும் இடம் காயாமல் இருந்தால் கூட்டம் வருகிறது என்று அர்த்தம். பரிமாறுகிறவர் முகம் கடுகடுவென்று இருந்தால் குழம்பு நன்றாக இருக்கும் (சிரித்தால் சந்தேகம்தான்). இப்படி என்னிடம் ஏகப்பட்ட விதிகள் இருந்தன. போனில் நட்சத்திரம் எண்ணிக் கடை தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கல்யாணமாகி ராசிபுரம் வந்தபோது இந்தத் திறமைக்கு அங்கே வேலையே இல்லை. காரணம் என் மாமியார். அத்தை வெளியில் சாப்பிட மாட்டார். பழனிக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, விடிவதற்கு முன்பே எழுந்து புளிச்சோறும் தயிர்சோறும் கிளறி, தூக்குப்போசியில் அடைத்துக்கொண்டுதான் கிளம்புவார். போன இடத்திலும் எல்லோருக்கும் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியிருப்பதை நின்றபடியே வழித்துச் சாப்பிடுவார். இதை அந்த வீட்டில் யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

நான் வந்த ஐந்தாம் மாதம் கொல்லிமலைக்குப் போய் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு வரலாம் என்று மாமனார் சொன்னார். அத்தை உடனே எத்தனை படி அரிசி போடுவது என்று யோசிக்க ஆரம்பித்தார். நான் வீரமாக நடுவில் புகுந்தேன்.

“இந்தத் தடவ கட்டுச்சோறு வேண்டாங்கத்தை. ஒரு நாளாச்சும் இன்னொருத்தர் சமைச்சு நீங்க உக்காந்து சாப்புடோணும். நல்ல கடையாப் பாக்குறது எம்பொறுப்பு.”

“பாரு கண்ணு. எனக்கும் ஆசைதான்” என்றார் அத்தை.

அப்படி ஓர் ஆசை அவருக்கு இருந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. என் கணவர் பின்னால் நின்று, வேண்டாம், வம்பு, என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அவர் பயம் நியாயமானதுதான். உப்பு ஒரு கல் கூடினாலும் அத்தைக்குத் தெரியும். கடை சரியில்லாமல் போனால் அத்தை அதன்பின் ஆயுசுக்கும் வெளியில் சாப்பிட மாட்டார். நானும் அந்த வீட்டில் வாயைத் திறக்க முடியாது. எனக்கோ இந்த ஒரு சாப்பாட்டை மட்டும் சரியாக அமைத்துக் கொடுத்துவிட்டால் போதும், நான் அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுவேன் என்று நினைப்பு.

வேனில் எட்டுப் பேர். மாமனார், அத்தை, நாங்கள் இரண்டு பேர், நாத்தனார், அவர் கணவர், அவர்கள் மகள், அப்புறம் டிரைவர் அண்ணன். பேளுக்குறிச்சி வழியாகக் காரவள்ளி வந்து, எழுபது வளைவும் ஏறிச் சோளக்காட்டைத் தொட்டபோது மணி எட்டரை. பாதிப் பேர் தலைசுற்றலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் நோட்டும் பேனாவுமாக இறங்கினேன். (ஆமாம், நோட்டு. பத்துக்கு மார்க் போட.)

மலையில் என் விதி ஒன்றும் செல்லவில்லை. கடை என்பது வீட்டை ஒட்டி இறக்கிய ஒரு தகரக் கூரை, நாலு பெஞ்சு, ஒரு விறகடுப்பு. சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரைப் பிடித்து, “ஏனுங்க, நீங்கல்லாம் இங்க எங்கீங்க சாப்புடுவீங்க?” என்று கேட்டேன்.

“ஊட்லதானுங்க” என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தபடி பஸ் ஏறினார்.

அங்கே போனவுடன் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மேலே போகும்போதே கடையில் ஏற்பாடு செய்துவிட வேண்டும். கோழி அப்போது வாசலில் மேய்ந்துகொண்டிருக்கும். நாம் கோயிலும் அருவியும் பார்த்துத் திரும்புவதற்குள் அது குழம்பாகியிருக்கும். இதெல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். ஆனால் நான் புடவைக் கடையில் நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு படியிறங்கி வருகிற பரம்பரை. நாலு கடையை விசாரித்து, நாலையும் ஒப்பிட்டு, அதில் ஒன்றில் ஏற்பாடு செய்வதுதான் முறை என்று நினைத்தேன்.

சோளக்காட்டிலேயே இருந்த முதல் கடைக்காரம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்.

“எத்தன பேருங்க?”

“எட்டுப் பேரு. கோழி எங்க வாங்குவீங்க?”

“வாங்கறதெங்க? அந்தா மேயுதுங்களே.”

நான் போய்ப் பார்த்தேன். கோழி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது கோழிகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “அந்தச் செவலை வெடக்கோழிதான் நல்லாருக்கும். மொளகு தூக்கலா இருக்கோணும், எண்ண கம்மியா. எங்க மாமியா வெளிய சாப்புடறதே இல்லீங்க, இன்னைக்குத்தான் மொதத் தடவ. அவுங்களுக்குப் புடிக்கோணும். எத்தன மணிக்கு ஆகும்?” என்றேன்.

“ரெண்டு மணிக்கு வாங்க கண்ணு.”

“சரீங்க. போயிட்டு வாரோம்.”

இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே தெரிகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சாப்பாடு சொல்வாள்? ஆள் கணக்குச் சொல்லி, கோழிக்குக் கை காட்டி, பக்குவம் சொல்லி, நேரமும் கேட்டாயிற்று. இதற்குமேல் அந்தம்மாவுக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டா கொடுக்க வேண்டும்? ஆனால் அன்றைக்கு எனக்கு அது வெறும் விசாரணை. நோட்டில் எட்டு மார்க் போட்டுக்கொண்டு வேன் ஏறினேன்.

வழியில் செம்மேடு என்ற ஊருக்கு முன்னால் ஒரு கடை, தாண்டி ஒரு கடை, கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கடை. மூன்றிலும் இதே பேச்சு, இதே கை நீட்டல். ஒரு கருப்புக் கோழி, ஒரு சாம்பல் நிறக் கோழி, கடைசியில் கொண்டை பெருத்த ஒரு சேவல். வேனில் இருந்தவர்கள், இந்தக் கடையும் இவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டார்களாம். நான் முதல் கடைதான் என்று முடிவு செய்திருந்தேன். அதை யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சாமி கும்பிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி ஏறி, வேனில் விழுந்தபோது எல்லோருக்கும் பசி காதை அடைத்தது. வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். நடு ரோட்டில் ஓர் அம்மா கரண்டியோடு நின்றார். நான்காவது கடை.

“வாங்க வாங்க, சோறு வடிச்சாச்சு. இதுல யாருங்க மாமியா?”

“நாங்க இங்க சொல்லலீங்களே” என்றேன்.

“சேவலக் கை காட்டுனது நீதான கண்ணு?”

அதற்குள் பசியில் இருந்த கூட்டம் இறங்கி இலை முன்னால் உட்கார்ந்துவிட்டது. சரி, ஏதோ ஒரு கடைக்காரம்மா தப்பாகப் புரிந்துகொண்டார், இங்கேயே சாப்பிட்டுவிடலாம் என்று நானும் உட்கார்ந்தேன். முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பில் ஆரம்பித்து ரசம் வரைக்கும் எல்லோரும் வெளுத்துக் கட்டினார்கள். அத்தை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டார். “உப்பு ஒரு கல்லு கம்மி. பரவால்ல” என்றார். என் நோட்டில் இந்தக் கடைக்கு ஐந்து மார்க்தான்.

அடுத்த வளைவில் துண்டை வீசி ஒருவர் வேனை மறித்தார். “வெள்ள வேனு, எட்டுப் பேரு, பச்சச் சேல அம்மா. சரிதானுங்களே? எங்கூட்டுக்காரி பன்னெண்டு மணியில இருந்து எட்டி எட்டிப் பாக்கறா.”

என் கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “எத்தன எடத்துல சொல்லி வெச்சிருக்க?”

“சொல்லலீங்க. கேட்டேன்.”

“எத்தன எடத்துல கேட்ட?”

“நாலு.”

நாத்தனார் மகள் விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று என்றாள். நாத்தனாரின் கணவர், வேனை எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மிதியாக மிதித்துவிடலாம் என்று யோசனை சொன்னார். மாமனார் கையை உயர்த்தினார். அவர் அதிகம் பேசாத விவசாயி.

“நம்ம ஊட்டுப் புள்ள பேச்ச நம்பிக் கோழி அடிச்சிருக்குது. அந்தம்மா ரோட்டப் பாத்துட்டு நிக்கட்டும்னு போயிரச் சொல்றீங்களா? எறங்குங்க.”

இறங்கினோம். அங்கே சாமைச் சோறு. பிரமாதமாக இருந்தது என்று பிறகு அத்தை சொல்லித்தான் தெரியும். எனக்கு அது வாயில் என்னவாக இருந்தது என்றே நினைவில்லை. மூன்றாவது சாப்பாடு, திரும்பும் வழியில் செம்மேடு தாண்டி. அந்தக் கடைக்காரம்மா அதே மலையில் எடப்புளி நாடு என்ற பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவராம். வெளியில் சாப்பிடாத அம்மா வருகிறார் என்று அவருக்காகத் தனியாக ராகிக் களி கிண்டி வைத்திருந்தார். டிரைவர் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, “எழுவது வளைவு எறக்கோணுமுங்க, என்னைய உட்டுருங்க” என்றார். மாமனார் அவரை மட்டும் மன்னித்தார்.

சோளக்காட்டுக் கடைக்கு வந்தபோது மணி ஐந்து. குழம்பை மூன்று தடவை சூடு பண்ணிவிட்டாராம் அந்தம்மா. முகத்தில் கோபமே இல்லை, வந்துவிட்டார்களே என்ற நிம்மதிதான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவர் இலையில் கிடந்த கோழிக்காலை ஏதோ சொந்தக்காரர் சாவுக்கு வந்தவர் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் பெல்ட் போட்ட தன் கணவருக்கு அதைக் கழற்றும்படி ஆலோசனை சொன்னார். மாமனார் சொன்ன சொல்லுக்காக ஒவ்வொரு பருக்கையாக விழுங்கினார்.

அத்தை மட்டும் நேராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு கடையிலும் அவர் அளவாகத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கடைக்காரம்மா அவர் பக்கத்திலேயே நின்று, “இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா?” என்றார்.

“போடு சாமி” என்றார் அத்தை.

கீழே இறங்கும்போது முப்பதாவது வளைவிலோ என்னவோ வேனை நிறுத்தச் சொல்லி என் கணவர் ஓடினார். பின்னாலேயே நாத்தனாரின் கணவரும் ஓடினார். நான் அத்தையின் பக்கத்தில் போய், “மன்னிச்சிருங்கத்தை. உங்களுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கித் தரலாம்னு பாத்தேன், எல்லாத்தையும் கெடுத்துப் போட்டேன்” என்றேன்.

“என்ன கெட்டுப்போச்சு?” என்றார். “கல்யாணமாயி வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. போதுமா, இன்னுங் கொஞ்சம் வேணுமான்னு நாந்தான் எல்லாரையும் கேட்டிருக்கேன். என்னைய ஒருத்தரு கேட்டதில்ல. இன்னைக்கு நாலு பேரு கேட்டாங்க.”

சாதாரணமாகத்தான் சொன்னார். குறை சொல்கிற தொனிகூட இல்லை. முன் சீட்டில் இருந்த மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோட்டோரம் இரண்டு பேரும் இன்னும் குனிந்தபடிதான் நின்றார்கள். (வீட்டுக்கு வந்து வேனைக் கழுவும்போது, சீட்டுக்கடியில் ஒரு தூக்குப்போசி நிறையத் தயிர்சோறு கிடைத்தது. அத்தை என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார்.)

இது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. நாத்தனார் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம், எங்கே வேண்டுமானாலும் இவளைக் கூட்டிப் போங்கள், கையை மட்டும் கட்டிவிடுங்கள், எதையாவது காட்டிவிடுவாள் என்று சொல்லிச் சிரிப்பார். நான் கோபித்துக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் அத்தைதான் முதலில் உட்காருவார். நான் கரண்டியோடு போய், போடட்டுங்களா என்பேன். அவர் இலையைக் கையால் மூடிக்கொள்வார். என் கணவர் கேட்பார், மூடிய கை மூடியபடியே இருக்கும். என் மகள் கேட்பாள், அதற்கும் அசைய மாட்டார். நான்காவது ஆள் மாமனார். சில வாரம் அவர் டிவியில் மூழ்கி மறந்துவிடுவார். அத்தை கூப்பிட மாட்டார், சோறு ஆறினாலும் கையை எடுக்கவும் மாட்டார். மாமனார் எழுந்து வந்து கேட்கிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் கரண்டியோடு நின்றுகொண்டிருப்போம்.