அமிர்தவள்ளி அழுத கிணறு

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், ஆம்பூரிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. நாட்றம்பள்ளிக்காரர் மடியில் காவேரிப்பாக்கத்துக்காரர் உட்கார்ந்திருப்பார்; அவர் மடியில் ஒரு சேவல் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் இறங்குகிற இடம் ஒன்றுதான், கரும்பாறைமேடு. அந்த ஊர்க் கிணற்றில் ஒரு பேய் உட்கார்ந்து அழுகிறதாம். அந்தக் கண்ணீரைத் தீர்த்தகிரி சாமியார் இனிப்புத் தண்ணீராக மாற்றிக் குடிக்கக் கொடுக்கிறாராம். புதுப்படம் ரிலீசானால்கூட இப்படி ஒரு கூட்டம் சேராது.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அமிர்தவள்ளி என்ற பெண் தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கி அந்தக் கிணற்றில் விழுந்து செத்தாள். கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. கண்ணீர் உப்பு, கிணறும் உப்பு, ஆகவே உள்ளே அமிர்தவள்ளி அழுகிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. என்ன மூளை! இதை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினால் தோல் ஏற்றுமதியைவிட நல்ல லாபம் வரும்.

அதே வருஷம்தான் கிணற்றுக்கு மேற்கே முனிரத்தினத்தின் தோல் பதனிடும் ஷாப்பு திறந்தது. கெடாமலிருக்க உப்பைக் கொட்டி வைத்த தோல்களை அங்கே கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கிக் கிணற்றோரமாகவே ஓடும். இதை ஊரில் யாரும் வாய் திறந்து பேசவில்லை. பேயைத் திட்டினால் பேய் யாரையும் வேலையை விட்டு நிறுத்தாது, முனிரத்தினம் நிறுத்திவிடுவார்.

இதில் நொந்துபோனது அமிர்தவள்ளியின் தங்கை பூங்காவனம்தான். பேயின் தங்கை என்று அவளைக் கிணற்றடியில் சேர்ப்பதில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட தாய்க்காகத் தினமும் பாலாற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு வந்தாள். ஊரின் ஏச்சைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அக்கா அழுகிறாள் என்பதை அவளும் நம்பினாளே, அதுதான் கொடுமை. "இன்னாக்கா கொற உனக்கு? எங்களால இன்னா செய்ய முடியும்?" என்று கிணற்றுப் பக்கம் பார்த்து முணுமுணுப்பாள்.

சாமியார் பேயை வாரத்துக்கு ஒருமுறைதான் அடக்குவார். ஒரேயடியாக அடக்கிவிட்டால் அடுத்த வாரம் அவருடைய சாப்பாட்டுக்கு வழி? வந்தவர்கள் நாக்கில் ஆளுக்கு ஒரு சிட்டிகை பிரசாதம் வைப்பார். மேளம் நிற்கும்வரை கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். பக்தனுக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? மேளம் நின்றதும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் இனிக்கும். சத்தியமாக இனிக்கும். சாயங்காலம் அதே தண்ணீர் வீட்டில் கரிக்கும். "பேய் திரும்பிடுச்சு, அடுத்த வெள்ளி வாங்க" என்பார் சாமியார். பந்தல், மேளச் செலவெல்லாம் முனிரத்தினம். அவர் மட்டும் வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து குடிப்பார்.

போன வாரம் சாமியார் புது உத்தரவு போட்டிருந்தார். "ஆவி ரத்த சொந்தத்தைத் தேடி அழுகிறது. அமாவாசைக்குள் அவள் தாயும் தங்கையும் எல்லை தாண்ட வேண்டும். வீட்டை இடிக்க வேண்டும்." ஊர்ப் பெரியதனக்காரர் நந்தகோபால் தலையாட்டினார். அவர் ஆட்டினால் ஊரே ஆட்டும்.

இந்த நிலைமையில்தான் வேலூரிலிருந்து கமலவேணி வந்தாள். ரசாயனம் படித்தவள். பாலாற்றங்கரையில் எந்தக் கிணறு எப்போது கெட்டது, மிச்சமிருக்கிற நல்ல தண்ணீரை எப்படிக் காப்பாற்றுவது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கூடை நிறைய பாட்டில்களைப் பார்த்து அத்தர் விற்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஆற்று மணலில் பூங்காவனத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்ததும் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"கால்வாய்க்கு எட்டத்துல இருக்கிற கெணறெல்லாம் நல்ல தண்ணியா இருக்கு. கால்வாய ஒட்டின கெணறு மட்டும்தான் கரிக்குது. உங்க அக்கா கால்வாயோரமாவே நடந்து போய் அழுவாங்களா?" என்று கேட்டாள் கமலவேணி.

பூங்காவனம் மொண்டுகொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ வெள்ளிக்கெழம மட்டும் இனிக்குதே, அது எப்படிம்மா?" என்றாள்.

"அது எனக்கும் தெரியல. போய்ப் பாத்துடலாம், நீங்களும் வாங்க."

மறுநாளே வெள்ளிக்கிழமை. இருவரும் போனார்கள். "பேயோட ரத்தத்துக்குப் பிரசாதம் கிடையாது" என்று சாமியார் பூங்காவனத்தை ஒதுக்கினார். கமலவேணி வாங்கி நாக்கில் வைத்தாள். சாம்பல், கற்பூரம், வேப்பிலை என்று ஒரே கசப்பும் நெடியும். மேளம் நின்றது. தண்ணீரைக் குடித்தாள். இனித்தது! படித்த பெண்ணுக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. டம்ளரில் பாதி மிச்சமிருந்தது. அதைப் பூங்காவனத்திடம் நீட்டினாள்.

பூங்காவனம் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். "இன்னாம்மா இது? உப்பாத்தான் கீது!"

"பாத்தியா! பேய் அவ நாக்குலயே குந்திகினு கீது!" என்று குதித்தார் நந்தகோபால். கூட்டம் அடிக்கப் பாய்ந்தது. பூங்காவனம் கமலவேணியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினாள்.

கமலவேணி கையில் டம்ளரோடு யோசித்தாள். தண்ணீர் ஒன்றுதான். ஒரு நாக்குக்கு இனிப்பு, இன்னொரு நாக்குக்கு உப்பு. அவள் பார்வை நாயனக்காரர் கிருஷ்ணராஜ் பக்கம் திரும்பியது.

"அண்ணே, நீங்க பிரசாதம் சாப்ட்டீங்களா?"

"எங்கம்மா சாப்புட்றது? வாயிலதான் நாயனம் இருக்குதே."

"இதக் குடிங்க."

குடித்தார். முகம் கோணியது. "தூ! ஒரே கரிப்பு!"

"நம்பிக்கை கெட்டவன்!" என்று சீறினார் சாமியார்.

"சரி சாமி, நம்பிக்கை உள்ளவரையே கேப்போம்." கமலவேணி தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நந்தகோபாலிடம் கொடுத்தாள். அவர் அதை நாக்கில் வைத்து, பழக்கதோஷத்தில் உடனே கண்ணை மூடினார். கொஞ்சம் பொறுத்து, கூடையிலிருந்த பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"ஆஹா, தேனு! சாமி, இன்னிக்கி இனிப்பு ஜாஸ்தி!"

"ஐயா, இது உங்க கெணத்துத் தண்ணி இல்ல. ஷாப்பு வாசல் கெணத்துல காலையில நான் மொண்டது. அதுவும் உப்புதான். பிரசாதம் சாப்புடாத யாரையாவது ஒரு வாய் குடிக்கச் சொல்லிக் கேளுங்க. அந்தக் கெணத்துல யார் விழுந்து செத்தாங்க?"

கிருஷ்ணராஜ் அதையும் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் துப்பினார். நந்தகோபால் திறந்த கண்ணை மூடவில்லை. கூட்டத்திலிருந்த கோவிந்தம்மாள் தட்டுப் பொடியைத் தொட்டு நக்கினாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு நக்கினாள், அதுதான் வித்தியாசம். "அடியே, இது நெல்லிக்காப் பொடிடி! காயவச்சு இடிச்ச நெல்லிக்கா!"

நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் பால்பல் விழுவதற்கு முன்பே தெரியும். காவி கட்டினவர் கையால் கொடுத்ததும் மறந்துபோயிற்று. சாமியார் நிஷ்டைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் நிற்கிற பக்கமாக நிஷ்டைக்கு ஓடினார். மடக்கிப் பிடித்துப் பையைக் கவிழ்த்தார்கள். கொட்டியதெல்லாம் நெல்லிப்பொடி.

கமலவேணி எல்லாரையும் கால்வாய்க்குக் கூட்டிப்போனாள். கரை நெடுக வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. பூங்காவனம் குனிந்து விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். கிணற்றுக் கரிப்பேதான். அப்படியே தரையில் உட்கார்ந்து, "எங்கக்கா அழுவல, எங்கக்கா அழுவல" என்று வாய்விட்டு அழுதாள். இரண்டு வருஷத்துப் பாரம் அன்றைக்குத்தான் நெஞ்சை விட்டு இறங்கியது. முனிரத்தினம் கூஜாவைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நந்தகோபால் தொண்டையைக் கனைத்தார். "தப்பு நடந்துபோச்சு. அமிர்தவள்ளி பேயில்ல, தெய்வம். கெணத்தடியில ஒரு கல்லு நட்டு, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூச போட்டுடலாம்." அதற்குள் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் கல் தேடவே போய்விட்டான்.

பூங்காவனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்காவுக்குக் கல்லு வேணாம், பெரியவரே. அந்தக் கல்லத் தூக்கினு போய் இந்தக் கால்வாய்ல போட்டு அடைங்க. இத்தினி நாளா உங்க மூளைய அடச்சி வச்சிருந்தது போதும்."