மைனஸ் நாற்பது சகலைக்கு, நாகலூரிலிருந்து

இயேசு மரி சூசை துணை
(கடிதத் தலைப்பில்கூட உங்கள் பெயரை எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.)

நாகலூர்,
12.2.1989

மகாகனம் பொருந்திய சகலை டாக்டர் சூசைமாணிக்கம் அவர்களுக்கு, எஸ்டேட் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும், என் மனைவி தேவகுமாரியும், காப்பிச் செடிகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். கனடாவில் நீங்களும், மைத்துனி ஜெயகுமாரியும், உங்கள் உறைந்த மண்ணும் சுகமா என்று அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உலகமெல்லாம் சூடாகி வரும்போது நாகலூர் மட்டும் பத்து வருஷமாகக் குளிர்ந்துகொண்டே போவதாக, போன மே மாதம் இங்கே வந்தபோது என் வெப்ப நோட்டுகளைப் புரட்டியதில் கண்டீர்களாம். இது பெரிய அதிசயமாம். இருபத்திரண்டு வருஷ நோட்டுகளையும் அனுப்பினால் உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரையும் அச்சில் போடுவீர்களாம். யோசித்துத்தான் பதில் எழுத வேண்டும் என்று பதினைந்து நாள் தள்ளிப்போட்டேன். மனதில் உள்ளதைக் கொட்டாமல் நோட்டைக் கட்ட எனக்குக் கை வரவில்லை.

சகலை, நீங்கள் செய்வதும் நான் செய்வதும் ஒரே வேலைதான். நீங்கள் மண்ணில் ஓட்டை போட்டு தர்மாமீட்டரை உள்ளே இறக்குகிறீர்கள், நான் காப்பிப் பழம் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகைச் சுவரில் வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவே. மழையோ காய்ச்சலோ, தினமும் காலை ஆறரைக்குப் போய் வெப்பமும் மழையளவும் பார்த்து எழுதிவிட்டுத்தான் எனக்குக் காப்பி. என் கல்யாணத்தன்றுகூட எழுதியிருக்கிறேன். ஆனால் உங்களை டாக்டர் என்கிறார்கள், என்னை மழை ரைட்டர் என்கிறார்கள். உங்கள் கடிதம் வந்தால் தேவகுமாரி தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி படிக்கிறாள். படித்து முடித்ததும் என் கழுத்தைப் பார்ப்பாள். "ஏனுங்க, சூசை தம்பி மைனஸ் நாப்பதுல நிக்கறாருங்களாமா. நீங்க பதினாலுக்கே மப்ளரு சுத்திக்கிட்டு நிக்கறீங்களே!"

போன மே மாதம் நீங்கள் வந்தபோது நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. கோயில் ஹாலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினீர்கள் அல்லவா, அது என் வேட்டி. ஆயிரக்கணக்கான வருஷமாக உறைந்து கிடக்கும் மண் இப்போது இளகுகிறது, இளகினால் மேலே இருக்கும் வீடுகள் சாய்கின்றன என்று ஒரு மர வீட்டைக் காட்டினீர்கள். உடனே மேஸ்திரி மாதையன் எழுந்து, "இதென்னுங்க பெரிய அதிசயம்? நம்ம ரைட்டரய்யா ஊடு எதுவும் உருகாமயே சாஞ்சுதானுங்களே கெடக்குது!" என்றான். ஹாலே சிரித்தது. பங்குச் சாமியாரும் சிரித்தார். நீங்களாவது சும்மா இருந்திருக்கலாம், குனிந்து கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி சிரித்தீர்கள். நான் பார்த்தேன்.

அது போதாதென்று சேலத்திலிருந்து லாரியில் ஒரு பிரிட்ஜை ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனீர்கள். மலையே குளிராக இருக்கும்போது இது எதற்கு என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அதன் மேல்தட்டில் படியும் ஐஸைக் காட்டித்தான் நீங்கள் தேவகுமாரிக்கு உறைமண் பாடம் நடத்தினீர்கள். விளைவு என்ன தெரியுமா? அன்றிலிருந்து அதை உருக்க அவள் விடுவதில்லை. "உருகுனா நொம்ப ஆபத்துன்னு தம்பி சொல்லிட்டுப் போயிருக்காருங்க" என்கிறாள். ஐஸ் வளர்ந்து வளர்ந்து, தட்டு நிறைந்து, இப்போது கதவு மூடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வைத்த கறிக் குழம்புச் சட்டி உள்ளே எங்கேயோ இருக்கிறது. உளி வைத்துத் தட்டப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே நின்றாள். இருபது வருஷமாக நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இப்படிக் காப்பாற்றியது கிடையாது. வயிறு எரிகிறது சகலை, மறைக்க என்ன இருக்கிறது.

ஆனாலும் அச்சில் பெயர் என்றால் சும்மாவா? உங்கள் கடிதத்தில் அந்த இடத்தை மட்டும் தேவகுமாரி இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை என்னைப் பார்த்து, "அட, உங்க பேரா!" என்றாள். எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. ஆகவே நோட்டுகளை அனுப்பச் சம்மதிக்கிறேன். பெயரை இனிஷியலோடு 'ஏ. ஸ்தனிஸ்லாஸ், நாகலூர், சேர்வராயன் மலை' என்று போடவும். உங்கள் பெயருக்கு மேலே போடவும். புத்தகம் வந்ததும் இரண்டு பிரதி அனுப்பவும், ஒன்று மாதையனுக்கு.

உங்கள் குடும்பத்துக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். கால் வழுக்காமல் நடக்கவும். மாதாவின் அடைக்கலத்தில் உங்களை ஒப்புக்கொடுக்கும்,

அன்புள்ள சகலை,
ஏ. ஸ்தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: பார்சலைக் கட்டி, அரக்கு வைக்கும்போது கை நின்றுவிட்டது. என் பெயரைப் போட வேண்டாம். 1978 வரையில் உள்ள நோட்டுகள் மட்டும் உண்மை. கனடாவிலிருந்து உங்கள் முதல் கடிதம் வந்த நாளிலிருந்து, உங்கள் குளிருக்குப் போட்டியாக, ஒரு டிகிரி குறைத்து எழுதினேன். நீங்கள் டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து இரண்டு. தேவகுமாரி உங்கள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய 1985 ஆகஸ்டிலிருந்து மூன்று. அந்தந்தத் தேதிகளில் சிவப்பு மையால் புள்ளி வைத்து அனுப்புகிறேன், குறைத்ததைத் திரும்பக் கூட்டிக்கொள்ளவும். நேற்று நானே உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இங்கேயும் முக்கால் டிகிரி ஏறித்தான் இருக்கிறது. நீங்கள் ஹாலில் சொன்னது அத்தனையும் சரி. தயவுசெய்து இதை தேவகுமாரிக்கு மட்டும் எழுதிவிடாதீர்கள்.